நத்தைக்குளத்து விருந்து

பச்சை மீன் கொய் பிசைவதில் தாய்லாந்தின் ஈசான் பக்கம் முழுக்கத் தேடினாலும் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. சரி, நானும்தான் சொல்கிறேன். உள்ளதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? குளத்து மீனைச் செதில் உரசி, பொடிப்பொடியாகக் கொத்தி, எலுமிச்சம்பழம் பிழிந்து, முசுறு எறும்பைக் கசக்கிப் போட்டு, வறுத்த அரிசிப் பொடியும் காய்ந்த மிளகாயும் வெங்காயத்தாளும் புதினாவும் சேர்த்து நான் பிசைந்து வைத்தால், ஆம்பளைகள் ஆளுக்கொரு பசையரிசிச் சோற்றுக் கூடையோடு வட்டம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அடுப்பு கிடையாது. முழுக்கப் பச்சை மீன். எலுமிச்சைச் சாறு பட்டதும் சதை வெளுக்கும். "பாத்தியா, வெந்துடுச்சு!" என்பார்கள். மேலே ஒரு வாய் அரிசிச் சாராயம் விட்டால் உள்ளே இருக்கிற புழுவெல்லாம் செத்துவிடும் என்பது அவர்கள் வைத்தியம்.

என் பெயர் புவாலா. ஊர் நோங்ஹோய், அதாவது நத்தைக்குளம். பெயருக்கேற்ற மாதிரி குளத்திலும் அதைச் சுற்றியுள்ள வயலிலும் நத்தைக்குக் குறைவே இருந்ததில்லை. அந்த நத்தையை எங்கள் ஊர் ஜெயித்த கதையைத்தான் சொல்ல வந்தேன். ஜெயித்த பிறகு நடந்த கதையையும் சேர்த்துச் சொல்வேன், ஏனென்றால் அது என் கதை.

சுகாதார நிலையத்து நர்ஸ் பியாவதி ஒருநாள் கண்ணாடிக் குப்பி ஒன்றை விகாரை மண்டபத்துக்குக் கொண்டுவந்தாள். குப்பித் தண்ணீரில் அரிசி மணி அளவுக்கு ஒரு நத்தை. அதன்மேல் விளக்கைப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் தூசி மாதிரி ஏதோ நெளிந்து நெளிந்து வெளியே வந்தது. எல்லாரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம்.

"இதுதாங்க ஈரல் புழுவோட குட்டி," என்றாள் நர்ஸ். "வயித்துல புழு இருக்கிறவங்க வெளிக்கிப் போறது மழையில குளத்துக்கு வருது. அதுல இருக்கிற முட்டையை இந்த நத்தை தின்னுது. நத்தைக்குள்ள அது பெருகி வெளிய வந்து மீன் சதைக்குள்ள ஏறி உக்காந்துக்குது. அந்த மீனை நீங்க பச்சையாத் தின்னா உங்க ஈரலுக்கு வந்து குடித்தனம் பண்ணுது. வருஷக் கணக்குல இருந்து கடைசியில புத்துநோய்ல கொண்டுபோய் விடுது."

இவ்வளவையும் அவள் சொன்னாள். எங்கள் ஆட்கள் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான். நத்தை.

"அடப்பாவி! இத்தனை நாள் நம்ம குளத்துலயே இருந்துகிட்டு நம்மளையே கருவறுத்திருக்கு பாரு!" என்று தொடையைத் தட்டினார் தொங்தா பெரியப்பா. ஊரில் மூத்த குடிகாரர், கொய் ரசிகர், வாய் ஓயாதவர். குளக்கரையில் ஒதுங்கினது நத்தையா, இவரா என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. நர்ஸ் முன்னால் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாளே ஊர்த் தலைவர் வீச்சியன் தலைமையில் போர் தொடங்கியது. கூடை, வலை, கையால் துழாவல் என்று ஊரே குளத்தில் இறங்கியது. சாயங்காலம் மண்டபத்து முற்றத்தில் மலைமாதிரி நத்தை குவிந்து கிடந்தது. எல்லாம் எலுமிச்சம்பழ அளவு, கோழிமுட்டை அளவு. அதன் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்று போட்டோ எடுத்து நர்ஸுக்கு அனுப்பினார்கள். இத்தனை நத்தையை வீணாக்குவானேன் என்று சித்தரத்தையும் எலுமிச்சை இலையும் போட்டுக் குழம்பு வைத்துத் தின்றும் முடித்தார்கள். மறுநாள் நர்ஸ் வந்து சிரித்த சிரிப்பில் அவள் வண்டியே சாய்ந்துவிட்டது.

"ஐயோ தலைவரே! குத்தவாளி அரிசி மணி சைஸுன்னு காட்டினேனே! நீங்க தின்னதெல்லாம் பாவம், ஒண்ணும் தெரியாத அப்பாவி நத்தைங்க!"

ஊரே அசடு வழிந்தது. அப்போது வாயைத் திறந்தது யார் தெரியுமா? என் வீட்டுக்காரர் கம்சிங். அதிகம் பேசாத மனுஷர். "அந்தச் சின்னதைக் கையால பொறுக்க முடியாது. வாத்து பொறுக்கும்," என்றார். அவ்வளவுதான்.

அவருக்கு வாத்து என்றால் உயிர். எங்கள் வழக்கப்படி கல்யாணமாகி என் வீட்டோடு இருக்க வந்தபோது மற்ற மாப்பிள்ளைகள் எருமையோடு வந்தார்கள், இவர் இரண்டு வாத்தை இடுக்கிக்கொண்டு வந்தார். என் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அந்த வாத்து வம்சம்தான் பெருகிப் பட்டாளமாகி நின்றது. நாற்று நடுவதற்கு முன்னால் வயலிலும், அறுப்புக்குப் பின்னால் தாளிலும், வெயில் காலத்தில் குளத்து ஓரச் சேற்றிலும் அந்தப் பட்டாளத்தை மேய்த்தார். எந்த மூலையில் நத்தை பொரிக்கிறது, வாத்தை எப்போது எங்கே இறக்கினால் முட்டையோடு வழித்துத் தின்னும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் குச்சியைச் சாய்த்தால் வாத்துகள் திரும்பும், நிமிர்த்தினால் நிற்கும். நான் கூப்பிட்டால் இந்த மனுஷர் அப்படித் திரும்பினதே இல்லை.

இரண்டு வெயில் காலம் போனது. நர்ஸ் வந்து சல்லடை போட்டு அலசினாள். ஒன்றிரண்டு கிடைத்ததையும் விளக்கு வைத்துப் பார்த்தாள். ஒன்றிலிருந்தும் புழு வரவில்லை. பக்கத்து ஊர்க் குளங்களில் இன்னும் நெளிந்துகொண்டிருக்க, எங்கள் குளத்தில் ஒன்றும் இல்லை! எனக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. சந்தைக்குப் போனால், "வாத்துக்காரர் பொண்டாட்டி போறா பாரு" என்று காட்டினார்கள். முதுகை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். இன்னும் சொல்லப்போனால் அந்த வாரம் தேவையில்லாமலே பலமுறை சந்தைக்குப் போனேன்.

மாவட்டத்திலிருந்து அதிகாரி வருகிறார், கம்சிங்குக்குப் பாராட்டு, ஊருக்கு விருந்து என்று முடிவானது. நத்தையை ஜெயித்த விருந்துக்கு எங்கள் ஆட்கள் என்ன சமைக்கச் சொன்னார்கள் என்கிறீர்கள்? கொய். குளத்து மீன் கொய். பச்சையாக!

"குளம் சுத்தமாயிடுச்சு. இனிமே என்ன பயம்?" என்றார் தொங்தா பெரியப்பா. "முதல் வாய் கம்சிங்குதான் எடுக்கணும். புவாலா கையால, கம்சிங் வாயால. அதுதான் மரியாதை!"

எங்கள் பக்கத்து வழக்கம் அது. யாருக்கு விருந்தோ அவர் முதல் உருண்டையைக் கொய்யில் தோய்த்து வாயில் போடவேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். அவர் மறுத்தால் விருந்தையே மறுத்த மாதிரி. ஊரே தலைகுனியும்.

அந்த வாயை அவர் எடுக்கவே கூடாது.

ஏனென்றால் அந்த மழைக்காலத்தில்தான் நாங்கள் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். அவருக்கு ஏற்கெனவே மூன்று தரம் புழு கண்டு மூன்று தரம் மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு தரமும் மாத்திரையை விழுங்கி, புழு போய்விட்டது என்று கொண்டாட நண்பர்களோடு உட்கார்ந்து மறுபடி கொய் தின்பார். எங்கள் ஆம்பளைகள் எல்லாருமே அப்படித்தான். "மாத்திரைதான் இருக்கே!" என்பார்கள். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"பித்தக்குழாய் சுவரு தடிச்சுப்போச்சு. இன்னும் புத்துநோய் ஆகல. ஆனா மாத்திரை புழுவைத்தான் கொல்லும். அது பண்ணின புண்ணை ஆத்தாது. திரும்பத் திரும்பப் புழு ஏறினா நான் ஒண்ணும் பண்ண முடியாது. இனிமே ஒரு வாய் கூடப் பச்சை மீன் கூடாதுங்க."

"சரிங்க டாக்டர்," என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டினார். ஊருக்கு வந்து, "ஒண்ணும் இல்லையாம், ஈரல் எருமை ஈரல் மாதிரி திடமா இருக்காம்," என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இவருடைய அண்ணனும் இப்படித்தான் சொன்னார். ஒரு வருஷம் கண் மஞ்சளானது, பிறகு தோல் மஞ்சளானது, வயிறு வீங்கியது. என் ஓரகத்தி கேசொன் அவரை மடியில் படுக்கவைத்துக்கொண்டு கஞ்சி ஊட்டியதை நான் பார்த்தேன். அண்ணனுக்குப் பிடித்த கொய்யைப் பிசைந்ததும் இந்தக் கைதான். எனக்கு அப்போது தெரியாது, யாருக்குமே தெரியாது. இப்போது தெரியுமே! தெரிந்த பிறகும் பிசைந்து நீட்ட என்னால் முடியுமா?

நர்ஸைத் தேடிப் போய்க் கேட்டேன். "ஏம்மா, குளந்தான் சுத்தமாயிடுச்சே. மீனு?"

"அக்கா, மீன் என்ன உங்க குளத்துலயேவா பொறந்துச்சு? மழைக்குக் கால்வாய் வழியா எங்கெங்கயோ இருந்து ஏறி வருது. அந்தந்த ஊரு நத்தையில இருந்து வந்தது அதுங்க சதையில உக்காந்திருக்கும். எலுமிச்சைக்கும் சாகாது, சாராயத்துக்கும் சாகாது, முசுறுக்கும் சாகாது. நெருப்புக்கு மட்டுந்தான் சாகும்."

வீட்டுக்கு வந்து அவரைப் பிடித்தேன். "யோவ், முதல் வாய் எடுக்க மாட்டேன்னு சொல்லிடு."

வாத்துக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "எப்படிச் சொல்றது? அதிகாரி முன்னாடி, ஊர் முன்னாடி? வாத்து மேய்க்கிறவனுக்கு வாழ்க்கையில ஒரு நாள் மரியாதை பண்றாங்க. ஒரு வாய்க்குப் பயந்துட்டான்னு சிரிக்கணுமா? ஒரே ஒரு வாய். அப்புறம் மாத்திரை போட்டுக்கறேன்."

"உங்க அண்ணனும் ஒரு வாய் ஒரு வாயாத்தான் தின்னாரு."

பிசைந்த கை நின்றது. "அதைச் சொல்லாதே," என்றார். மறுபடி பிசைந்தார்.

நான் கொய் பிசைய மாட்டேன் என்று சொல்லிவிடலாம். அதில் என்ன லாபம்? தொங்தா பெரியப்பா பெண்டாட்டி சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அவள் பிசைந்த கொய்யைத் தின்று என் புருஷன் சாகவேண்டுமா? அதைவிடக் கேவலம் உண்டா! கேசொன் ஒரு யோசனை சொன்னாள்.

"அவருக்கு மட்டும் வேகவெச்சு, எலுமிச்சையை நிறையப் பிழிஞ்சு கொடுத்துடு. பச்சை மாதிரியே இருக்கும். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே," என்றேன். "என் கைச் சமையலைத் திருட்டுத்தனமாப் பரிமாற நான் பொறக்கல. அதுவுமில்லாம மத்தவங்க ஈரல் என்ன தகரமா?"

விருந்து நாள் வந்தது. மண்டபத்தில் துணிப் பதாகை, கேன் என்கிற மூங்கில் குழல் வாசிப்பு, புதுப் பாய். காலையில் பிக்குகளுக்கு அன்னம். இங்கேதான் ஒரு விஷயம் இருக்கிறது. பச்சை மீனும் பச்சை இறைச்சியும் பிக்குகளுக்கு ஆகாது, அது புத்தர் வகுத்த விதி. அதனால் ஒவ்வொரு விழாவிலும் ஊருக்குப் பச்சைக் கொய்யும், பிக்குகளுக்கு மட்டும் தனியாக ஒரு சின்னச் சட்டியில் வெந்த கொய்யும் செய்வேன். வருஷக் கணக்காகச் செய்து செய்து அதிலும் ஒரு கைப்பக்குவம் வந்திருந்தது. சட்டியைப் புகையப் புகையக் காயவைத்து, ஒரு கை தண்ணீர் தெளித்து, கொத்தின மீனைப் போட்டு, ஒரு துளி பச்சை இல்லாமல் வேகும்வரை புரட்டி, இறக்கின பிறகுதான் எலுமிச்சையும் முசுறும் தழையும் சேர்ப்பேன். புளிக்க ஊறவைத்த மீன் சாற்றையும் கொதிக்கவைத்துத்தான் ஊற்றுவேன். புளிப்பும் காரமும் அப்படியே நிற்கும். பெரிய பிக்கு ஒருநாளும் மிச்சம் வைத்ததில்லை.

அன்று பிக்குகள் சாப்பிட்டு எழுந்ததும் அந்த அடுப்பை நான் அணைக்கவில்லை. கேசொனைக் கூப்பிட்டேன். இருவருமாக அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய் மண்டபத்துப் படிக்குப் பக்கத்தில், எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி வைத்தோம். விகாரையின் பெரிய சட்டியை ஏற்றினேன். ஊருக்காகக் கொத்தி வைத்திருந்த மீன் மொத்தத்தையும் அதில் கொட்டினேன். சுர்ரென்ற சத்தத்தில் கேன் குழலே நின்றுவிட்டது.

"என்ன வாசம் இது?" என்று மண்டபத்திலிருந்து எட்டிப் பார்த்தார் தொங்தா பெரியப்பா. "மீன் வேகுது! அடியேய், கொய்ய வேகவைக்கிறா பாருங்கடா! ஏம்மா, இங்க யாராச்சும் புள்ள பெத்துப் படுத்திருக்காளா?"

மண்டபமே கொல்லென்று சிரித்தது. எங்கள் ஊரில் பச்சையுடம்புக்காரிக்குத்தான் பத்தியமாக எல்லாவற்றையும் வேகவைத்துக் கொடுப்பார்கள். ஆம்பளைக்கு அதைவிட அவமானப் பேச்சு கிடையாது. என் வீட்டுக்காரர் நடுவில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மணிக்கட்டிலும் ஊரார் வாழ்த்திக் கட்டிய வெள்ளை நூல், முழங்கைவரை. முகம் செத்துப்போயிருந்தது. தலைவர் வீச்சியன் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார்.

"புவாலா, அதிகாரி வந்திருக்காரும்மா. இன்னைக்கு மட்டும்..."

"தள்ளுங்க தலைவரே, சட்டி சுடும்," என்றேன். சட்டியை இறக்கி, எலுமிச்சை பிழிந்து, முசுறைக் கசக்கி, பிசைந்து முடிக்கும்வரை யாருக்கும் பதில் சொல்லவில்லை. பெரிய தட்டில் குவித்து, நானே தூக்கிக்கொண்டு படியேறி அவர் முன்னால் வைத்தேன்.

"பெரியப்பா, காலையில சாமிங்க சாப்பிட்டதும் இதே அடுப்புல வெந்த கொய்தான். சாமிங்க என்ன புள்ள பெத்தா படுத்திருந்தாங்க?"

ஒருத்தன் சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினான்.

"சாமிக்கு ஆகிறது உங்களுக்கு ஆகாதா? நத்தையை ஜெயிச்சீங்க. ஊரே மெச்சுது, எனக்கும் பெருமைதான். ஆனா நத்தைக்குள்ள இருந்தவன் எங்க போனான்னு யாராச்சும் கேட்டீங்களா? மீனுக்குள்ள ஏறி உக்காந்திருக்கான். என் வீட்டுக்காரர் வெயில்ல நின்னு வாத்து மேய்ச்சு வெளிய துரத்தினவனை, நீங்க மாலை மரியாதையோட அவர் வாய்க்குள்ளயே கூட்டிட்டு வர்றீங்களா? இந்த ஊருல இனிமே பச்சைக் கொய் வேணும்னா புவாலா கை கிடையாது. இந்தக் கை வேணும்னா வெந்ததுதான். இஷ்டமிருந்தா தின்னுங்க, இல்லேன்னா வாத்துக்குப் போடறேன்!"

அதிகாரி தன் சோற்றுக் கூடையின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லார் கண்ணும் கம்சிங் மேல். முதல் வாய் அவருடையது. அவர் எழுந்து போனால் என் கதை முடிந்தது. பச்சையாகக் கொண்டுவரச் சொன்னால் அவர் கதை முடிந்தது.

அவர் தட்டைப் பார்த்தார். பிறகு படிக்குக் கீழே பார்த்தார். அடுப்புப் பக்கத்தில் கேசொன் விசிறியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் கூடையிலிருந்து சோற்றைக் கிள்ளினார். உருட்டினார். வாத்துக்குத் தவிடு உருட்டுகிற அதே நிதானம். கொய்யில் அழுத்தித் தோய்த்து வாயில் போட்டார். மென்றார், மென்றார், அப்படி மென்றார்.

விழுங்கினார். எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உப்பு கம்மி," என்றார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கல்யாணமான நாளிலிருந்து ஒருநாள், ஒரே ஒருநாள் என் சமையலில் உப்பு கம்மி என்று இந்த மனுஷர் சொன்னதுண்டா? வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கை அடுத்த உருண்டையை உருட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன். இடுப்பில் செருகியிருந்த உப்புப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்துத் தட்டின்மேல் தூவினேன். இரண்டாவது வாய் போனது.

"ஆங். இப்ப சரியா இருக்கு," என்றார் சத்தமாக. "சாப்பிடுங்கப்பா. என்ன பாத்துகிட்டு இருக்கீங்க?"

அவ்வளவுதான், கைகள் நீண்டன. அதிகாரி கை முதலில், தலைவர் கை அடுத்து. தொங்தா பெரியப்பா கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, "சும்மா ருசி பாக்கத்தான்" என்று ஒரு உருண்டை தோய்த்தார். "சாராயத்துக்கு இது சேராது," என்றார். சொல்லிவிட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தட்டு காலியாகி, சட்டியும் காலியாகி, கேசொன் சட்டியை வழித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

சாயங்காலம் வாத்துகளை அடைத்துவிட்டு வந்து ஏணிப்படியில் உட்கார்ந்தார். கையில் நூல் இன்னும் இருந்தது. நான் விடவில்லை.

"உண்மையைச் சொல்லுய்யா. உப்பு கம்மியாவா இருந்துச்சு?"

"சரியாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு அத்தனை பேர் முன்னாடி என் மானத்த வாங்கினே?"

"நீ என் மானத்த வாங்கினியே, அதுக்குத்தான்," என்றார். சிரித்தார். "நல்லாருக்குன்னு சொல்லியிருந்தா பொண்டாட்டிக்குப் பயந்து தின்னான்னு சொல்லுவானுங்க. குறை சொல்லித் தின்னா, வேணும்னு கேட்டுத் தின்ன மாதிரி."

கெட்டிக்காரர்தான். வாத்து மேய்க்கிறவரா, கொக்கா!

இப்போது எங்கள் ஊர் விழாக்களில் ஒரே அடுப்புதான், பிக்குகளுக்கும் ஊருக்கும். போன மாதம் ஸ்கேனுக்குப் போனோம். தடித்த சுவர் தடித்தபடியே இருக்கிறதாம், கூடவில்லையாம். டாக்டரம்மா இந்த முறை சிரித்தாள். பக்கத்து ஊர்க்காரர்கள் விருந்துக்கு என்னைக் கூப்பிட்டு அழைத்துப் போகிறார்கள், வெந்த கொய்க்கு. அங்கேயும் முதல் வாய்க்கு வாத்துக்காரரைத்தான் உட்காரவைக்கிறார்கள். அவர் மென்று விழுங்கிவிட்டு என்ன சொல்வார் என்று மண்டபமே காத்திருக்கும்.

"உப்பு கம்மி," என்பார்.

நான் பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகை எடுத்துத் தூவுவேன். என் விரல்களுக்கு நடுவில் ஒன்றும் இருக்காது.